150 மைக்ரோகிராமிலும் இறங்காத டி.எஸ்.எச்.: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மாசி மாதத்து மாலை ஒன்று. மட்டக்களப்பின் மண்டூர்ப் பக்கத்திலிருந்து பாதை என்னும் மிதவையில் வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் என்னுடைய டிஸ்பென்சரிக்கு வந்தார் 47 வயதுப் பெண் ஒருவர். கூட அவருடைய மகள். மகள் தன் கையிலிருந்த பையை மேசையில் கவிழ்த்ததும் ஐந்து கடதாசி உறைகளும் இரண்டு போத்தல்களும் விழுந்தன. "தைரொயிட் குளிசைய கூட்டிக் கூட்டித்தான் தாறாங்க டொக்டர். வருத்தம் குறையுதில்ல. பெரிய இடத்துக்குக் கொண்டு போகவா?" என்று கேட்டார்.

தாய் எதுவும் பேசவில்லை. வெளியே வெயில் இன்னும் தணியாத நேரம். அவரோ சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, மின்விசிறிக்கு நேரே இருந்த கதிரையிலிருந்து எழுந்து அடுத்ததில் போய் அமர்ந்தார். பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் பல மாதங்கள் ஆயின, அதில் கொஞ்சம் என்னுடைய பிழையாலும்.

(அடையாளம் தெரியாதிருக்கச் சில குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முந்திய கதை

தொழில், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது. அதிகாலை மூன்றரைக்கு எழும்பி ஆறு மணிக்குள் முந்நூறு இடியப்பம் முடிக்க வேண்டும். 2021இல் உடல் வீக்கம், மலச்சிக்கல், அளவுக்கு மிஞ்சிய மாதவிடாய் என்று போனபோது டி.எஸ்.எச். 38 என்று வந்திருக்கிறது. 0.4 முதல் 4 வரைதான் சரியான அளவு. தைரொயிட் சுரப்பி சோம்பிக் கிடந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சத்தம் போட்டு அதை எழுப்பப் பார்க்கும். அந்தச் சத்தத்தின் அளவுதான் டி.எஸ்.எச். அதனால் சுரப்பி இறங்கினால் எண் ஏறும். இந்தத் தலைகீழ்க் கணக்கு புரியாமல் "தைரொயிட் கூடிப்போச்சு" என்று வருபவர்கள் இன்றும் எனக்குக் கிழமைக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

சுரப்பி தர வேண்டிய ஹோர்மோனையே குளிசையாகக் கொடுக்கும் தைரொக்சினை 50 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். சரியான தொடக்கம். பிறகு 75. 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்ததும் இவர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்திருக்கிறார். அடுத்த பரிசோதனையில் எண் ஏற, அளவு 100 ஆயிற்று. ஒருநாள் விட்டுக் குடித்ததை இவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. 2023இல் 125, அந்த வருடக் கடைசியில் 150. கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் எண், பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அதுவும் மேல்நோக்கியே. எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் கிளினிக்கில் எண்ணைப் பார்த்து அம்பு போடத்தான் நேரம் இருக்கும்.

பார்த்தது

எடை 60 கிலோ, நாடித்துடிப்பு 58, இரத்த அழுத்தம் 138/94. தோல் வரண்டு, கண்ணடி உப்பி, குரல் கரகரத்திருந்தது. கழுத்தில் சிறிய, சற்றே இறுகிய கழலை. கதிரையில் முழங்காலிட வைத்து குதிக்காலின் தசைநாணைச் சுத்தியலால் தட்டினேன். பாதம் சட்டென்று இழுத்தது. ஆனால் திரும்பிய விதத்தைப் பார்க்க வேண்டும், மணலில் புதைந்த காலை வெளியே எடுப்பதுபோல மெல்ல மெல்ல இறங்கியது. தைரொக்சின் குறைந்த உடம்பின் முக்கியமான அடையாளம் இது. எந்த லேப் அறிக்கையும் இவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது.

வலது கையின் முதல் மூன்று விரல்களும் விறைக்கின்றன, இரவில் கையை உதறி உதறித்தான் தூங்குவது என்றார். இடியப்ப உரலை அழுத்தி அழுத்தி வந்தது என்றே வீட்டில் நினைத்திருக்கிறார்கள். இரண்டு மணிக்கட்டுகளையும் உள்பக்கம் மடக்கி வைத்திருக்கச் சொன்னேன். நாற்பது வினாடிக்குள் விறைப்பு வந்துவிட்டது. உரலுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் தைரொயிட் குறைந்தால் மணிக்கட்டுக் குகைக்குள் திசு வீங்கி நரம்பை நெரிக்கும். உரல் இருபது வருடமாக இருக்கிறது, விறைப்பு வந்தது மூன்று வருடமாகத்தானே?

இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 21.4, இரத்தத்தில் கட்டுப்படாமல் ஓடும் தைரொக்சினான ஃப்ரீ டி4 9.8 (12 முதல் 22 வரை இருக்க வேண்டியது), ஹீமோகுளோபின் 9.6, மொத்தக் கொலஸ்ட்ரோல் 284. தசை நொதியான சி.கே. ஓரளவு கூடியிருந்தது. தைரொயிட்டுக்கு எதிரான டி.பீ.ஓ. பிறபொருளெதிரி நன்றாகவே ஏறியிருந்தது. ஆக நோயின் பெயர் ஹஷிமோட்டோ, அதாவது உடம்பின் காவல் படையே தைரொயிட்டை அரித்துத் தின்பது. 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற யப்பானிய மருத்துவர் விவரித்தது. உப்பில் அயடின் கலப்பது இலங்கையில் தொண்ணூறுகளிலேயே கட்டாயமாகிவிட்டதால், இன்று நாங்கள் பார்க்கும் தைரொயிட் குறைபாட்டில் பெரும்பகுதி இந்த வகைதான்; அயடின் குறைவால் வரும் கழலைகள் அல்ல. கடைகளில் விற்கும் அயடின் மருந்தை வாங்கிக் குடித்தால் இந்த நோய்க்குக் கெடுதல்தான் வரும்.

கணக்கு எங்கே இடித்தது

சுரப்பி முற்றாக நின்றுபோன ஒருவருக்குக்கூட, எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் தைரொக்சின் போதும். 60 கிலோவுக்கு 96. இவர் குடிப்பது 150, கிலோவுக்கு 2.5. இவ்வளவு உள்ளே போயிருந்தால் இவர் வியர்த்து விறுவிறுத்து என் முன்னால் நிற்க வேண்டும், சேலையால் மூடிக்கொண்டு அல்ல. எனவே மருந்து வாய்க்குப் போகிறதா, வாயிலிருந்து இரத்தத்துக்குப் போகிறதா, இரத்தத்துக்குப் போன பிறகு எங்காவது வீணாகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவதை முதலில் தள்ளினேன். சிறுநீரில் புரதம் இல்லை, ஆகவே அதனோடு சேர்ந்து தைரொக்சின் வெளியேறவில்லை. தைரொக்சினைச் சீக்கிரம் கரைத்துவிடும் வலிப்பு மருந்துகளோ காசநோய் மருந்தோ இவர் எடுக்கவில்லை. வாய்க்குப் போவது பற்றி மகளிடம் தனியாகக் கேட்டேன். இப்போதெல்லாம் ஒருநாளும் தவறுவதில்லை, தானே எண்ணிப் பார்ப்பதாகச் சொன்னார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் நம்பலாம்.

அப்புறம் மேசையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். உறைகளில் தைரொக்சின், இரத்தசோகைக்கு இரும்புக் குளிசை, எலும்புக்குக் கல்சியம், "கேஸுக்கு" ஒமெப்ரசோல், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வாஸ்டற்றின். போத்தல்களில் ஒன்று மூட்டுநோவுக்குப் பூசும் எண்ணெய். மற்றது முடி கொட்டுவதற்கு மகள் வாங்கிக் கொடுத்த கப்சியூல். அதன் லேபலில் பயோட்டின் என்று இருந்தது. பயோட்டின் பல லேப் முறைகளில் டி.எஸ்.எச். எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அப்படியானால் 21.4 என்பதே குறைத்துக் காட்டிய எண்ணாக இருக்கலாம். அதை நிறுத்தி நாலு நாள் கழித்துத் திரும்ப எடுத்தோம். 26.

"இந்தக் குளிசைகள எப்ப, எப்படிக் குடிக்கிறீங்க அம்மா?"

"விடியத்தான் டொக்டர். ராத்திரிக் குளிசையத் தவிர எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுருவன், மறந்துபோகும் எண்டு. தேத்தண்ணியோட."

"வெறும் தேத்தண்ணியா?"

"பால் தேத்தண்ணி. அது குடிக்காம உரலப் பிடிக்கக் கையில பெலன் வராது."

ராத்திரிக் குளிசை என்றது கொலஸ்ட்ரோல் மருந்தை. அது ஒன்றுதான் யாருக்கும் இடைஞ்சல் செய்யாத நேரத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு கோப்பைக்குள் நடந்தது

தைரொக்சின் குடலில் தனியாகப் போக விரும்பும் மருந்து. இரும்பும் கல்சியமும் கூட வந்தால் அதைப் பிடித்து, கரையாத கட்டாக்கி, மலத்தோடு வெளியே அனுப்பிவிடும். அதனால்தான் இவற்றுக்கிடையே 4 மணித்தியால இடைவெளி கேட்கிறோம். பாலிலும் கல்சியம் இருக்கிறது. நம்மவர்கள் இரண்டு மேசைக்கரண்டி பால்மா போட்டுக் கலக்கும் தேத்தண்ணியில் அது கொஞ்சமல்ல. குளிசை கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், ஒமெப்ரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. ஆக இவர் விடியற்காலையில் விழுங்கிய 150 மைக்ரோகிராமை நாலு பேர் வழிமறித்திருக்கிறார்கள். இரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது; 26 என்ற எண் சொல்கிற அளவுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, பிடித்தது என்று சொல்லக் கூடாது, ஆனாலும் மருத்துவனுக்கு அப்படி ஒரு குணம் உண்டு, இதிலிருந்த வட்டம். தைரொயிட் குறைந்ததால் மாதவிடாய் அதிகமாயிற்று. அதனால் இரத்தசோகை. அதற்கு இரும்பு. இரும்பு தைரொக்சினைத் தடுத்தது. தைரொயிட் இன்னும் குறைந்தது. பக்கத்தில் இன்னொரு சின்ன வட்டமும் ஓடியது: தைரொயிட் குறைந்ததால் குடல் மந்தித்து வயிறு ஊதியது, அதைக் கேஸ் என்று நினைத்து ஒமெப்ரசோல், அது குளிசையைக் கரையவிடவில்லை. கொலஸ்ட்ரோலும் தைரொயிட் குறைவால் ஏறியதுதான். அதற்குக் கொடுத்த அட்டோர்வாஸ்டற்றின், தைரொயிட் சரியாக்கப்படாத உடம்பில் தசைநோவைக் கூட்டும். தோளும் தொடையும் நோகிறது என்று எண்ணெய் பூசியது இதற்காகவும் இருக்கலாம்.

மகளிடம் குளிசை வைக்கும் இடத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அன்றிரவே வந்தது. குசினிச் சுவரில் ஒரு பலகைத் தட்டு. அதில் மிளகாய்த்தூள் டின், சாமி படம், தீப்பெட்டி, குளிசை உறைகள். நேர் கீழே இடியப்பம் அவிக்கும் அடுப்பு. ஒவ்வொரு நாளும் இரண்டரை மணித்தியாலம் ஆவி பட்ட கடதாசி உறை. தைரொக்சினுக்கு வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. 25 பாகைக்குக் கீழே வைக்கவும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். சித்திரை வைகாசியில் மட்டக்களப்பில் எந்த வீட்டில் 25 பாகை இருக்கிறது? குளிரான அறை, பெட்டியிலுள்ளபடியே வைத்தல், ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குதல், இவ்வளவுதான் நம்மால் முடியும். அடுப்புக்கு மேலே மட்டும் வேண்டாம்.

மாற்றியது

ஒரு மணித்தியாலம் வெறும் தண்ணீரோடு இருக்க வேண்டும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மணி பாக்க எனக்கு எங்க டொக்டர் நேரம்" என்றார். நியாயம்தான். மாவு குழைக்கிற கையோடு யார் மணிக்கூடு பார்ப்பது? அதனால் அவருடைய கணக்கிலேயே போனோம். எழும்பியதும், அடுப்பு மூட்ட முதல், தண்ணீரோடு குளிசை. பிறகு தண்ணீர் கொதிக்க வைத்து, மாக்குழைத்து, பிழிந்து, தட்டுகளை அடுக்கி முதல் அடுக்கு இறக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிடும். மூன்றாவது அடுக்கு இறங்கும்போது ஒரு மணித்தியாலம். அப்போது பால் தேத்தண்ணி. முதல் கிழமை கஷ்டப்பட்டார். மூன்றாம் நாள் கைநடுக்கம் வந்து இரண்டாவது அடுக்கிலேயே குடித்துவிட்டதாக மகள் காட்டிக் கொடுத்தார். அரை மணித்தியாலம் தாண்டியிருக்கிறதே, பரவாயில்லை என்றேன்.

இரும்பு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கல்சியம் இரவு. ஒமெப்ரசோலை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி ஒரு மாதத்தில் நிறுத்தினோம். அட்டோர்வாஸ்டற்றினை அன்றே நிறுத்தினேன். குளிசைகள் அலுமாரிக்கு இடம்பெயர்ந்தன.

நோன்பு காலத்தில் காத்தான்குடியிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் வருபவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். இரவு கடைசியாகச் சாப்பிட்டு 3 மணித்தியாலம் கழித்துப் படுக்கும்போது குடிக்கலாம், அல்லது சஹருக்கு அரை மணித்தியாலம் முந்தி எழும்பிக் குடிக்கலாம். இரண்டில் எது தவறாமல் நடக்குமோ அது.

என் பிழை

அளவை நான் 150இலேயே விட்டுவிட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு விடயங்களை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது என்பது என் நியாயம். பாடசாலை விஞ்ஞானத்துக்கு அது சரி. ஆனால் 96 என்ற கணக்கை நானே தாளில் எழுதி வைத்திருந்தேன். தடைகளை எடுத்துவிட்டால் 150 முழுதாக உள்ளே போகும் என்பதை அந்தத் தாள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது கிழமை, வரச் சொன்ன நாளுக்கு முந்தியே வந்தார். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்ததாம். வீக்கம் இறங்கி, குளிர் போய், வயிறு ஒழுங்காகியிருக்கிறது. பிறகு இரவில் நெஞ்சு அடிக்கத் தொடங்கியிருக்கிறது. நாடித்துடிப்பு 112, நீட்டிய விரல்களில் மெல்லிய நடுக்கம். இந்தத் தடவை மின்விசிறிக்கு நேரே இருந்த கதிரையில்தான் இருந்தார். ஈ.சீ.ஜீ.யில் துடிப்பு வேகமே தவிர ஒழுங்கு தவறவில்லை. அது என் அதிர்ஷ்டம், ஏனென்றால் தைரொக்சின் மிஞ்சினால் இதயத்தின் தாளமே குலைந்துபோகலாம், நாட்பட்டால் எலும்பும் தேயும். டி.எஸ்.எச். 0.04.

நாலு நாள் நிறுத்தி, பிறகு 100 தொடங்கினோம். பிழை என்னுடையது, உங்களுடையதல்ல என்று அவரிடம் சொன்னேன். "அப்ப அந்தக் குளிசை நல்ல குளிசைதான்" என்று சிரித்தார். மூன்று வருடமாக அதை உதவாத குளிசை என்று நினைத்திருந்தவர்.

அடுத்த பரிசோதனைக்கு 7 கிழமை காத்திருந்தோம். தைரொக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு கிழமை எடுக்கும். அளவு மாற்றிய பிறகு நிலை படிவதற்கு ஐந்தாறு கிழமை ஆகும். அதற்கு முன் எடுக்கிற எண்ணை நம்பி அளவை மாற்றினால், ஓடுகிற தோணியில் நின்று கரையை அளப்பது மாதிரி.

வைகாசியில் டி.எஸ்.எச். 2.6, ஃப்ரீ டி4 16. புரட்டாதியில், மண்டூர்த் திருவிழா முடிந்து வந்தபோது 2.1. ஹீமோகுளோபின் 12.1, மாதவிடாயும் ஒழுங்காகியிருந்ததால் இரும்பை நிறுத்தினோம். மருந்தே இல்லாமல் கொலஸ்ட்ரோல் 206. விரல் விறைப்பு முழுதாகப் போகவில்லை. இரவில் கை உதறுவது மட்டும் நின்றிருக்கிறது. மீதி உரலின் பங்கு. எடை 57. இன்னும் குறையும் என்று எதிர்பார்த்தார் போலும், கொஞ்சம் ஏமாற்றம். தைரொயிட் குறைவால் ஏறுவதில் பெரும்பகுதி நீரும் உப்பும், அது இறங்கிவிட்டது என்றேன். மிச்சம் பால் தேத்தண்ணிச் சீனி என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

மகளின் கேள்விகள்

மகள் கைத்தொலைபேசியில் நிறையப் பார்த்திருந்தார். கோவாவும் மரவள்ளியும் கூடாதா? சுரப்பியே வேலை செய்யாமல் குளிசையில் ஓடுகிற உடம்பில் அவற்றுக்குத் தடுக்க என்ன இருக்கிறது? அவித்து அளவாகச் சாப்பிடலாம். சோயாவைக் குளிசை நேரத்திலிருந்து தள்ளி வைத்தால் போதும்.

டி3 சேர்த்துக் குடித்தால் நல்லதாமே? தைரொக்சின் டி4. உடம்பு அதைத் தனக்கு வேண்டியபோது டி3 ஆக மாற்றிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை டி4 மட்டும் கொடுத்ததைவிட மேலாக எதையும் காட்டவில்லை. எண் சரியாகியும் களைப்புப் போகாத சிலருக்கு விசேட வைத்தியர்கள் அதை யோசிப்பதுண்டு. இவர் அந்த இடத்துக்கு வரவேயில்லை, இவருக்கு டி4ஏ போய்ச் சேரவில்லையே.

இயற்கை மருந்து? 1891இல் ஜோர்ஜ் மறே என்ற மருத்துவர் ஆட்டின் தைரொயிட் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஏற்றினார். அந்தப் பெண் அதன்பின் 28 வருடம் வாழ்ந்தார். ஆகவே ஆரம்பமே இயற்கை மருந்துதான். விலங்குச் சுரப்பியில் ஒரு தொகுதிக்கும் மற்றதற்கும் அளவு ஒத்துவராது என்பதால்தான் இந்த மைக்ரோகிராம் குளிசைக்கு வந்து சேர்ந்தோம்.

மகள் கலியாணமாகி ஒரு வருடம், பிள்ளைக்கு எதிர்பார்த்திருக்கிறார். இந்த நோய் குடும்பத்தில் ஓடும் என்பதால் அவருக்கும் பார்த்தோம். டி.எஸ்.எச். 5.8, ஃப்ரீ டி4 சரி, பிறபொருளெதிரி உண்டு. வேறொருவராக இருந்தால் ஆறு மாதம் பொறுத்துத் திரும்பப் பார்த்திருப்பேன். கர்ப்பம் எதிர்பார்ப்பவர் என்பதால் சிறிய அளவு தைரொக்சின் தொடங்கி, பெண்நோயியல் நிபுணரிடம் துண்டு கொடுத்து அனுப்பினேன். எப்படிக் குடிப்பது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2025 தை மாதம் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. பாமசியில் வழமையான குளிசை இல்லையாம், வேறு கொம்பனியுடையது. நிறமும் பெட்டியும் வேறு, அளவு 100தான். "இதைக் குடிக்கலாமா டொக்டர்?" குடிக்கலாம், இனி மாற்றாமல் அதையே வாங்கப் பாருங்கள், 6 கிழமையில் ஒரு டி.எஸ்.எச். எடுங்கள் என்று எழுதினேன். பங்குனியில் 3.1 வந்தது. கொப்பியில் அம்பு எதுவும் போடவில்லை.